விரியத் துடிக்கும் குவிமாடங்கள்

குவிமாடம் கட்டுவதில் உள்ள தொல்லை உச்சியில் இல்லை, அடியில் இருக்கிறது. களத்தில் நெல்லை அம்பாரமாகக் குவித்தால் அடி தானாகப் பரவுகிறதே, அதே கதைதான். மேலே ஏறுகிற எடை முழுவதும் கீழ் விளிம்பை வெளிப்பக்கமாகத் தள்ளும். விளிம்பு விலகினால் மாடம் பிளந்துவிடும். ஐரோப்பாவில் பெரும்பெயர் எடுத்த கட்டடக் கலைஞர்கள் பலர் இந்த ஒரே தள்ளலோடு மல்லுக்கட்டியவர்கள். யார் எப்படி மல்லுக்கட்டினார் என்பதை ரோம், ஃபுளோரன்ஸ், வாடிகன், லண்டன் என்று நான்கு இடங்களில் போய்ப் பார்ப்பதுதான் எங்கள் பயணத்தின் திட்டம்.

எங்கள் என்றால் நானும் சித்தப்பாவும். சித்தப்பா பொதுப்பணித் துறையில் பாலமும் மதகும் கட்டி ஓய்வு பெற்றவர். ஓவியம், சிற்பம், புனிதர், போப் எதிலும் அவருக்கு அக்கறை கிடையாது. எந்தக் கட்டடத்தின் முன் நின்றாலும் ஒரே கேள்விதான்: "அழகு இருக்கட்டும்டா, எப்படி நிக்குது?" வழிகாட்டிப் புத்தகங்களில் இதற்குப் பதில் இருக்காது. யார் கட்டினார், எந்த ஆண்டு, என்ன பாணி என்பதோடு அவை முடிந்துவிடும். ஆகவே சித்தப்பாவின் கேள்வியையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டேன்.

ரோமில் பாந்தியன். குறுகலான தெருக்கள் வழியாக நடந்து சதுக்கத்துக்குள் நுழைந்தால் திடீரென்று எதிரே நிற்கிறது. முகப்பில் ரோமானியத் தளபதி அக்ரிப்பாவின் பெயர் பெரிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இன்று நிற்கும் கட்டடம் அவர் காலத்தது அல்ல. பழைய கோயில் எரிந்துபோன பிறகு, பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 125ஐ ஒட்டி முடிந்தது இது. ஹேட்ரியன் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. கட்டியவர் பெயரும் எங்கும் இல்லை. டமாஸ்கஸ் நகரத்து அப்பல்லோடோரஸ்தான் என்று சொல்பவர்கள் உண்டு, அது ஊகம்தான். மேலை நாட்டுக் கட்டடக் கலையில் மிக அதிகமாகப் பார்த்து எழுதப்பட்ட ஒரு கட்டடத்துக்கு ஆசிரியர் பெயர் இல்லை என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

உள்ளே போனதும் எல்லோரும் கழுத்தை வளைத்து மேலே பார்க்கிறார்கள். குறுக்களவு 43 மீட்டருக்குச் சற்று மேல், தரையிலிருந்து உச்சிக்கும் அதே அளவு. உச்சியில் எட்டு மீட்டருக்கும் அதிகமான அகலத்தில் வட்டமாக ஒரு திறப்பு. கண்ணாடி கிடையாது. மழை பெய்தால் உள்ளேதான் விழும், தரை லேசாகக் குவிந்திருப்பதால் தண்ணீர் ஓடி அங்கங்கே உள்ள துளைகளில் இறங்கிவிடுகிறது.

சித்தப்பா தரையையும் சுவரையும் பார்த்துக்கொண்டு ஒரு சுற்று வந்தார். "கம்பியே போடாத காங்கிரீட்டுடா இது. இவ்ளோ பெருசா!" என்றார். உண்மை. கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடங்களில் உலகத்திலேயே பெரியது இன்றைக்கும் இதுதான். ரோமானியர்களிடம் விளிம்பைக் கட்டிப்போடும் தந்திரம் எதுவும் இல்லை. தடிமனை நம்பினார்கள். தாங்கும் சுவர் சுமார் ஆறு மீட்டர் பருமன். மாடத்தின் அடியும் கிட்டத்தட்ட அதே பருமன், மேலே போகப் போக மெலிந்து திறப்பருகே ஒன்றேகால் மீட்டருக்கு வந்துவிடுகிறது. கலவையும் ஒன்றல்ல. கீழே கனமான கல் ஜல்லி, உச்சியில் தண்ணீரில் மிதக்கிற அளவுக்கு லேசான எரிமலை நுரைக்கல். வெளியே மாடத்தின் அடியைச் சுற்றிப் படிப்படியாகத் தெரியும் வளையங்கள் அலங்காரம் போலத் தோன்றும், விளிம்பின் மேல் எடை ஏற்றி அதை அமுக்கிப் பிடிப்பதும் அவைதான். அப்படியும் மாடத்தின் கீழ்ப்பகுதியில் வெடிப்புகள் விழுந்திருக்கின்றன, ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். விழுந்தும் அது நிற்கிறது என்பதுதான் தடிமனின் வெற்றி. ஓவியர் ரஃபேலின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. அதற்கு முன்னால்தான் கூட்டம்.

ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு வேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். நிலையத்திலிருந்து பேராலயத்துக்கு நடந்தே போய்விடலாம். பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்புச் சலவைக்கல் பதித்த முகப்பு கண்ணைப் பறிக்கும், ஆனால் அது 1887இல் முடிந்த வேலை, அங்கே அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. பின்பக்கம் சுற்றி வாருங்கள். செங்கல் நிறத்தில், எட்டுப் பட்டையாக, வெள்ளை விலாக்களோடு தெருக்களுக்கு மேலே எழுந்து நிற்பதைப் பார்க்கத்தான் இந்த ஊருக்கு வரவேண்டும்.

இதைப் போல ஓர் அசட்டுத் துணிச்சலை நான் வேறெந்த ஊரின் வரலாற்றிலும் படித்ததில்லை. 1296இல் அர்னோல்ஃபோ டி காம்பியோ பேராலயத்தைத் தொடங்கினார். 1367இல் நகரத்தார் ஒரு மாதிரியை ஒப்புக்கொண்டார்கள்: பாந்தியன் அகலத்துக்கு ஒரு குவிமாடம், அதற்கு வெளியே முட்டுச் சுவர் எதுவும் தெரியக் கூடாது. வடக்கே பிரான்ஸ்காரர்கள் தங்கள் ஆலயங்களுக்கு முட்டுக் கொடுத்த விதம் இவர்களுக்குப் பிடிக்கவில்லை. எப்படிக் கட்டுவது என்று யாருக்கும் தெரியாது. தெரியாமலே ஒப்புக்கொண்டு, அதற்கேற்ற அளவில் தூண்களையும் சுவர்களையும் எழுப்பிவிட்டார்கள். தலைமுறை கடந்து 1418 வந்தபோது, தரையிலிருந்து ஐம்பது மீட்டருக்கும் மேலான உயரத்தில் எட்டுப்பட்டைச் சுவர் வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்த்து நின்றது. போட்டி அறிவித்தார்கள்.

"சென்ட்ரிங் எப்படிடா அடிச்சான்?" என்று சித்தப்பா கேட்டார். அதுதான் அன்று ஊரையே குழப்பிய கேள்வியும். எந்த வளைவையும் கட்டும்போது கீழே மரச்சட்டம் கொடுத்து, காரை இறுகிய பிறகு பிரிப்பதுதான் வழக்கம். அந்த அகலத்துக்கும் உயரத்துக்கும் மரச்சட்டம் போடக் காடு முழுவதையும் வெட்ட வேண்டியிருக்கும். பிலிப்போ புரூனெல்லெஸ்கி என்றொருவர் வந்து, சென்ட்ரிங்கே வேண்டாம், சும்மாவே கட்டுகிறேன் என்றார். எப்படி என்று கேட்டதற்குச் சொல்ல மறுத்தார்.

அவர் கொத்தனார் அல்ல, பொற்கொல்லராகப் பயின்றவர். 1401இல் எதிரே இருக்கும் ஞானஸ்நானக் கூடத்தின் வெண்கலக் கதவுக்கான போட்டியில் லொரென்சோ கிபெர்ட்டியிடம் வேலையை இழந்தவர். இருவரும் அன்று செய்துகாட்டிய மாதிரிப் பலகைகள் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் அருகருகே தொங்குகின்றன, யாருடையது மேல் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளலாம். (என் ஓட்டு கிபெர்ட்டிக்கு.) அதன் பிறகு அவர் ரோமுக்குப் போய்ப் பழைய இடிபாடுகளை அளந்துகொண்டு திரிந்ததாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். குவிமாட வேலையை அவரிடம் கொடுத்த குழு, கூடவே அதே கிபெர்ட்டியையும் சம அதிகாரத்தோடு போட்டது. புரூனெல்லெஸ்கி எரிச்சலில் கொதித்தார். ஒரு கட்டத்தில் நோய் என்று படுத்துக்கொண்டு, எல்லாக் கேள்விகளையும் கிபெர்ட்டியிடம் அனுப்பினாராம். கிபெர்ட்டி பதில் தெரியாமல் விழிக்க, வேலை நின்றுபோனதாம். இந்தக் கதையைச் சொன்னவர்கள் புரூனெல்லெஸ்கி பக்கத்து ஆட்கள், ஆகவே கொஞ்சம் தள்ளுபடி செய்து கேட்க வேண்டும். ஆனால் அரசு வேலையில் இருந்த சித்தப்பா சிரித்த சிரிப்பைப் பார்த்தால் முழுதும் கட்டுக்கதை என்று சொல்லத் தோன்றவில்லை.

மாடத்தின் உச்சிக்கு 463 படிகள். மின்தூக்கி கிடையாது. சித்தப்பாவின் முழங்காலைப் பற்றி எனக்குக் கவலை இருந்தது, அவருக்கு இல்லை. முதலில் சுற்றுப் படிகள், பிறகு மாடத்தின் அடியில் உட்புற நடைபாதை. தலைக்கு மேல் வசாரியும் சுக்காரியும் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியம் கை எட்டும் தூரத்தில் விரிகிறது. கீழிருந்து பார்க்கும்போது பக்தி வரலாம். இவ்வளவு பக்கத்தில் பார்த்தால் பாவிகளை வதைக்கும் பிசாசுகளின் உடல் வலிமைதான் தெரிகிறது.

அதற்குப் பிறகுதான் விஷயம். வழி ஒரு சின்ன வாசலில் நுழைந்து இரண்டு சுவர்களுக்கு நடுவே போகிறது. இரண்டுமே வளைந்தவை, இரண்டுமே நம் மேல் சாய்ந்தவை. அப்போதுதான் உறைக்கிறது: நாம் குவிமாடத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறோம். உள்ளே தடித்த ஓர் ஓடு, வெளியே மெல்லிய ஓர் ஓடு, இரண்டையும் இணைக்கும் 24 விலாக்கள். எல்லாவற்றையும் கல்லாலேயே கட்டியிருந்தால் எடை தாங்காது. ஆகவே மேலே போகப் போகச் செங்கல். நாற்பது லட்சத்துக்கு மேல் செங்கல் போயிருக்கும் என்பது கணக்கு.

சித்தப்பா சுவரில் விரலை வைத்துக் காட்டினார். படுக்கை வரிசையாகப் போகிற செங்கற்களுக்கு நடுவே, சிறு இடைவெளி விட்டு, ஒவ்வொரு செங்கல் செங்குத்தாக நிற்கிறது. அடுத்த வரிசையில் அது கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அப்படியே மேலே மேலே சாய்வாகச் சுற்றிக்கொண்டு போகிறது, மீன் முள்ளைப் போல. சென்ட்ரிங் இல்லாமல் கட்டிய ரகசியம் அதில்தான். காரை இறுகும் முன்பு உள்பக்கம் சரிய நினைக்கும் செங்கற்களை, நிற்கும் இரண்டு செங்கற்கள் இருபுறமும் கவ்விப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு சுற்று முழுதாக முடிந்துவிட்டால் அது தானே நிற்கும் வளையம். அதன் மேல் அடுத்த வளையம். 1420 முதல் 1436 வரை பதினாறு ஆண்டுகள் இப்படியே வளையம் வளையமாக ஏறினார்கள்.

சரி, அடி விரிவதை எப்படித் தடுத்தார்? சங்கிலி. மணற்கல் உத்தரங்களை இரும்புக் கவ்விகளால் இணைத்த நான்கு சங்கிலிகள் சுவருக்குள் சுற்றிப் புதைந்திருக்கின்றன. அவை கண்ணுக்குத் தெரியாது. ஐந்தாவது மரச்சங்கிலி, அதை மட்டும் ஏறும் வழியில் பார்க்கலாம். தடித்த உத்தரங்கள் மூலைக்கு மூலை பூட்டப்பட்டுக் கிடக்கின்றன. மாடத்தின் உருவமும் உதவுகிறது. அரைக்கோளமாக இல்லாமல் மேலே கூர்ந்து போவதால் வெளித்தள்ளல் குறைகிறது. அப்படியும் வெடிப்பு வந்தது. 1690களில் ஒரு குழு இரும்பு வளையங்கள் பூட்டச் சொன்னது, எதிர்ப்புக் கிளம்பியதால் போடவில்லை. இன்று வெடிப்புகளில் உணர்கருவிகளைப் பொருத்திக் கண்காணிக்கிறார்கள்.

வேலை நடந்த விதம் பற்றியும் ஆவணங்கள் நிறைய உண்டு. எருது கட்டிச் சுற்றும் பாரந்தூக்கி ஒன்றைப் புரூனெல்லெஸ்கி செய்தார். பாரத்தை ஏற்றவும் இறக்கவும் எருதைத் திருப்பிக் கட்ட வேண்டாம், பற்சக்கரத்தை மாற்றினால் போதும். ஆட்கள் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி ஏறினால் நேரம் போகிறதென்று மேலேயே சமையலுக்கு ஏற்பாடு செய்தாராம். மேலே குடிக்கும் திராட்சை மதுவில் தண்ணீர் கலக்க வேண்டும் என்று விதி இருந்தது, ஐம்பது மீட்டர் உயரத்தில் அது நியாயமான விதிதான். சலவைக்கல் கொண்டுவர ஒரு விசித்திரப் படகை வடிவமைத்து 1421இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார், உலகின் முதல் காப்புரிமைகளில் ஒன்று அது. படகு கல்லோடு ஆற்றில் முழுகிப்போனது. 1434இல், குவிமாடம் முடியும் தறுவாயில் இருக்கையில், கொத்தர் சங்கத்துக்குச் சந்தா கட்டவில்லை என்று அவரைச் சிறையில் போட்டார்கள். பேராலய நிர்வாகம் தலையிட்டு வெளியே கொண்டுவந்தது. சங்கத்துக்காரர்கள் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான்.

உச்சியில் காற்று. ஊர் முழுவதும் சிவப்பு ஓட்டுக் கூரை, அதற்கப்பால் குன்றுகள். தலைக்கு மேலே சலவைக்கல் விளக்குமாடம், அதன் மேல் பொன்முலாம் பூசிய செப்புக்கோளம். 1471இல் சிற்பி வெரோக்கியோ ஏற்றிய கோளத்தை 1600இல் இடி வீழ்த்திவிட்டது. அது விழுந்த இடத்தில், பேராலயத்தின் பின்னால் தரையில், ஒரு வெள்ளைச் சலவைக்கல் வட்டம் பதித்திருக்கிறார்கள். மேலே இருப்பது அதற்குப் பின் வைத்த இன்னும் பெரிய கோளம். குவிமாடத்தின் அடியில் எட்டுப் பக்கங்களில் ஒன்றில் மட்டும் வளைவுகள் வைத்த ஒரு மாடவரிசை ஓடுகிறது, மற்ற ஏழும் மொட்டைச் சுவர். மைக்கலாஞ்சலோ அதைப் பார்த்து சில்வண்டுக் கூண்டு என்று கேலி செய்ததால் மேற்கொண்டு கட்டாமல் நிறுத்திவிட்டார்கள் என்பார்கள். ஊர் அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறது.

புரூனெல்லெஸ்கி 1446இல் இறந்தார். அவர் கல்லறை இருந்த இடமே மறந்துபோய், 1972இல்தான் பேராலயத்தின் அடித்தளத்தில் கண்டெடுத்தார்கள். நினைவுப்பொருள் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலோர் சாவிக்கொத்து வாங்கிக்கொண்டு அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வாடிகன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அங்கே கூட்டம் அதிகம், கட்டடத்தோடு தனியாக நிற்க நேரம் கிடைக்காது. புனித பீட்டர் பேராலயத்துக்கு 1506இல் பிரமாந்தேயின் திட்டப்படி அடிக்கல் நாட்டப்பட்டது. எழுபது வயது தாண்டிய மைக்கலாஞ்சலோ 1547இல் பொறுப்பேற்றார். ஃபுளோரன்ஸ்காரரான அவர் உடனே செய்த வேலைகளில் ஒன்று, ஊரிலிருந்த தம்பி மகனுக்குக் கடிதம் எழுதி புரூனெல்லெஸ்கியின் மாடத்து அளவுகளைக் கேட்டது. இங்கும் இரட்டை ஓடுதான். 1564இல் அவர் இறந்தபோது மாடத்தைத் தாங்கும் வட்டச் சுவர் வரைதான் வந்திருந்தது. 1588 முதல் 1590 வரை ஜாக்கமோ டெல்லா போர்ட்டா, மாடத்தை அவர் மாதிரியைவிடக் கூராக உயர்த்திக் கட்டி முடித்தார். அடியில் இரும்புச் சங்கிலிகளைப் புதைத்தார். ஆனால் பெயர் என்னவோ மைக்கலாஞ்சலோவுக்குத்தான்.

நூற்றைம்பது ஆண்டு கழித்து மாடம் வெடித்தது. விழுந்துவிடுமோ என்று ரோம் நகரமே பேசத் தொடங்க, போப் பதினான்காம் பெனடிக்ட் 1742இல் மூன்று கணிதவியலாளர்களை அழைத்தார். கட்டடத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்த முதல் பெரிய சந்தர்ப்பங்களில் ஒன்று அது. கொத்தர்களுக்குக் கோபம்: மைக்கலாஞ்சலோ கணக்குப் போட்டா கட்டினார்? பிறகு பாதுவா பல்கலைக்கழகத்து ஜொவான்னி பொலேனியை அழைத்தார்கள். அவர் ஒரு சங்கிலியை எடுத்து, மாடத்தின் ஒவ்வொரு பகுதியின் எடைக்கும் ஏற்பக் குண்டுகள் கோத்து, இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்டார். தொங்கும் சங்கிலியில் இழுவை மட்டும்தான் உண்டு. அதன் வளைவைத் தலைகீழாகத் திருப்பினால் அழுத்தம் மட்டும் இருக்கும் வளைவு கிடைக்கும். திருப்பிய வளைவு மாடத்தின் சுவர்த் தடிமனுக்குள் அடங்கியது. ஆகவே மாடம் விழாது, ஆனால் அடியைக் கட்ட வேண்டும் என்றார். கட்டடக் கலைஞர் வான்விட்டெல்லி ஐந்து இரும்பு வளையங்களைப் பூட்டினார். பழைய சங்கிலிகளில் ஒன்று அறுந்து கிடந்ததைப் பார்த்த பிறகு ஆறாவதும் போட்டார். சித்தப்பாவுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துவிட்டது. "ரிப்பேர் எஸ்டிமேட்டுக்கு ஆள் வச்சிருக்கான் பாரு!" இங்கே மின்தூக்கி உண்டு, அதன் பிறகும் 320 படிகள். கடைசிப் பகுதியில் சுவரோடு சேர்ந்து நாமும் சாய்ந்தே நடக்க வேண்டியிருக்கிறது.

தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கும் யோசனை பொலேனியுடையது அல்ல. 1675இல் லண்டனில் ராபர்ட் ஹூக் அதைக் கண்டுபிடித்து, எவரும் திருடிவிடக் கூடாதென்று எழுத்துகளைக் குலைத்துப் புதிராக அச்சிட்டார். விடை அவர் இறந்த பிறகே வெளிவந்தது. ஆனால் அவர் நண்பர் கிறிஸ்டோபர் ரென்னுக்கு அது முன்பே தெரியும்.

ரென் அடிப்படையில் வானவியல் பேராசிரியர். இத்தாலிக்குப் போனதே இல்லை. பாந்தியனையும் ஃபுளோரன்ஸையும் படத்தில் மட்டும் பார்த்தவர். வெளிநாடு என்றால் பாரிஸ் ஒன்றுதான். 1666 ஆகஸ்ட் கடைசியில், பழைய புனித பவுல் பேராலயத்தைப் பழுதுபார்த்து ஒரு குவிமாடம் வைக்கலாம் என்று பேசி முடித்தார்கள். சில நாளில் லண்டன் பெருந்தீ வந்து பேராலயத்தையே கொண்டுபோனது. புதிதாகக் கட்ட ரென் கொடுத்த ஒரு திட்டத்துக்கு ஓக் மரத்தில் ஆறு மீட்டருக்கும் நீளமான மாதிரி செய்தார்கள். பாதிரிமார் அதை நிராகரித்தார்கள். மாதிரி இன்னும் பேராலயத்தில் இருக்கிறது. பிறகு அவர்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு விநோதக் கோபுரத்தை வரைந்து அரசர் ஒப்புதல் வாங்கி, அலங்காரங்களை மாற்றிக்கொள்ளலாம் என்ற அனுமதியைப் பிடித்துக்கொண்டு, சாரம் மறைத்திருந்த காலத்திலேயே முழுக் கட்டடத்தையும் மாற்றிவிட்டார். 1675இல் தொடங்கியது. நிலக்கரிக்குப் போட்ட வரியில்தான் கட்டினார்கள். வேலை மெதுவாகப் போகிறதென்று 1697இல் அவர் சம்பளத்தில் பாதியை நிறுத்தி வைத்தார்கள்.

உள்ளே நின்று பார்த்தால் ஓவியம் தீட்டிய அழகான மாடம். வெளியே தேம்ஸ் ஆற்றுப் பாலத்திலிருந்து பார்த்தால் அதைவிட உயரமான சாம்பல் நிற மாடம். இரண்டும் வேறு வேறு. கல்காட்சி மாடத்தைத் தாண்டி இரும்புச் சுற்றுப்படியில் ஏறும்போது உண்மை தெரிகிறது. ஒரு பக்கம் மரச்சட்டங்கள், அவற்றின் மேல் ஈயத்தகடு. லண்டன் பார்க்கும் குவிமாடம் அதுதான், அது எதையும் தாங்கவில்லை. மறுபக்கம் வழவழப்பில்லாத செங்கல் கூம்பு ஒன்று எழுந்து போகிறது. பருமன் அரை மீட்டர்கூட இல்லை. உச்சியில் உள்ள 850 டன் கல் விளக்குமாடத்தைத் தாங்குவது அந்தக் கூம்புதான். அதை உள்ளே இருப்பவரும் பார்க்க முடியாது, வெளியே இருப்பவரும் பார்க்க முடியாது. அடியைச் சுற்றி வழக்கம்போல இரும்புச் சங்கிலி.

"ஏமாத்து வேலைடா" என்றார் சித்தப்பா. எனக்கு அப்படி முழுதாகச் சொல்ல மனம் வரவில்லை. வெளியே உயரம் வேண்டும், உள்ளே அளவு கெடக் கூடாது, எடையும் ஏறக் கூடாது என்ற மூன்று நிபந்தனைக்கும் மூன்று ஓடு போட்ட மூளை சாதாரண மூளையல்ல. பின்னால் பாரிஸ் பாந்தியனில் சூஃப்ளோவும் மூன்று ஓடுதான் போட்டார். ஆனால் மரமும் ஈயமும் தீக்குச் சுலபம். 1940 டிசம்பர் 29 இரவில் ஒரு தீக்குண்டு ஈயத்தகட்டில் சிக்கி உருக்கத் தொடங்கியது. அது தானே நழுவி வெளியே கல்காட்சி மாடத்தில் விழுந்ததால் காவலுக்கு நின்றவர்களால் அணைக்க முடிந்தது. உள்பக்கம் விழுந்திருந்தால் செங்கல் கூம்பு மட்டும் மிஞ்சியிருக்கும்.

நான்கையும் பார்த்தவன் என்ற முறையில் என் தீர்ப்பு இது. புத்திசாலித்தனத்துக்கு லண்டன், பொறுமைக்கு ரோம், பெயருக்கு வாடிகன். ஆனால் எதனால் நிற்கிறதோ அதற்குள்ளேயே நம்மை நடத்திக் கூட்டிப்போய், அதைக் கண்ணெதிரே தெளிவாகக் காட்டும் கட்டடம் ஃபுளோரன்ஸ் ஒன்றுதான். ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் அங்கே போங்கள். குவிமாடம் ஏறும் சீட்டை நாளும் நேரமும் குறித்து முன்கூட்டியே வாங்க வேண்டும், அன்றைக்குப் போய் நின்றால் கிடைப்பது அரிது. இதய நோய் உள்ளவர்களும் அடைத்த இடம் ஒத்துக்கொள்ளாதவர்களும் ஏற வேண்டாம், பாதி வழியில் திரும்ப இடமில்லை. லண்டனையும் சேர்த்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று புனித பவுல் பேராலயம் வழிபாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும், மாடத்தில் ஏற விடமாட்டார்கள்.